பழைய மேசைக்கணினியில் ரேம் கூட்டும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: கொருக்குப்பேட்டை வாசி

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா மகன் வேலைக்குச் சேர்ந்து மடிக்கணினி வாங்கிக்கொண்டபின், கல்லூரிக் காலத்தில் தான் பயன்படுத்திய மேசைக்கணினியை என் மகளுக்கென்று கொடுத்துவிட்டான். அவள் பி.காம். முதலாண்டு படிக்கிறாள். பாடக் குறிப்புகளைத் தட்டச்சு செய்வதற்கும், இணையத்தில் விரிவுரைகள் பார்ப்பதற்கும், ஏற்கெனவே அதில் நிறுவப்பட்டுள்ள டேலி இஆர்பி 9 என்ற கணக்குப் பதிவு மென்பொருளில் பயிற்சி செய்வதற்கும் அவளுக்கு இது தேவைப்படுகிறது.

பென்டியம் டூயல் கோர் இ5400 ப்ராசஸர், 1 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், 32-பிட் விண்டோஸ் 7 ஆகியவை இதில் உள்ளன. டேலி மட்டும் திறந்திருந்தால் தாங்குகிறது. அதனுடன் உலாவியையும் திறந்தால், கேபினெட்டின் முன்பக்கச் சிவப்பு விளக்கு அணையாமல் எரிய, சுட்டியின் அம்பு நகரவே நெடுநேரம் ஆகிறது. எங்கள் பகுதியில் உள்ள ஒரு கடையில் கேட்டபோது, கணினியைப் பார்க்காமலேயே, 8 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒன்றைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி, பழுதான வேறொரு கணினியிலிருந்து கழற்றிய 4 ஜிபி ரேம் ஒன்றைச் சும்மாவே தருவதாகச் சொல்கிறார். இரண்டில் எதைச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. செலவு செய்ய முடியும், ஆனால் தவறான பொருளை வாங்கிவிட்டு மறுபடியும் வாங்கும் நிலையில் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


பதில்: பெரம்பூர் வன்பொருள் பணியாளர்

வணக்கம் ஐயா. வாங்கும் முன் கேட்டது நல்லதாயிற்று. எந்த ரேம் பொருந்தும், எவ்வளவு வரை பொருந்தும் என்பதையெல்லாம் முடிவு செய்வது உங்கள் மதர்போர்டுதான், அதாவது ப்ராசஸரும் ரேமும் பொருத்தப்படும் தாய்ப்பலகைதான். கடைக்காரரிடம் இருக்கும் சரக்கோ பக்கத்து வீட்டில் கிடைக்கும் ரேமோ அதை முடிவு செய்ய முடியாது. ஆகவே மதர்போர்டின் பெயர் தெரியும்வரை எதையும் வாங்காதீர்கள்.

நீங்கள் சொல்லும் இ5400, எல்ஜிஏ775 சாக்கெட்டில் அமரும் ப்ராசஸர். இந்தக் காலத்துப் போர்டுகளில் நம் ஊரில் அதிகம் புழங்கியது இன்டெலின் ஜி41 சிப்செட் (ப்ராசஸரையும் ரேமையும் இணைக்கும் சில்லுத் தொகுப்பு) கொண்டவை. இதில்தான் சிக்கல். ஜி41 சிப்செட், டிடிஆர்2, டிடிஆர்3 ஆகிய இரண்டு வகை நினைவகத்தையும் தாங்கக்கூடியது என்பதால், சில போர்டுகளை டிடிஆர்2 ஸ்லாட்டுடனும், சிலவற்றை டிடிஆர்3 ஸ்லாட்டுடனும், மிகச் சிலவற்றை இரண்டு வகை ஸ்லாட்டுகளுடனும் தயாரித்தார்கள். சிப்செட்டின் பெயரை மட்டும் வைத்து இன்ன ரேம் என்று சொல்ல முடியாது. போர்டின் முழு மாடல் பெயர் வேண்டும்.

டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்கள்தான், நீளமும் ஒன்றுதான். ஆனால் தங்க நிறப் பற்களின் இடையே உள்ள வெட்டு, டிடிஆர்2-இல் நடுவை ஒட்டியும், டிடிஆர்3-இல் நடுவிலிருந்து சற்றுத் தள்ளியும் இருக்கும். மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்2-க்கு 1.8 வோல்ட், டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட். ஒன்றை மற்றொன்றின் ஸ்லாட்டில் அழுத்தித் திணிக்க முயன்றால் ஸ்லாட்டே உடையும். உட்காரவில்லை என்றால் கையை எடுத்துவிட வேண்டும்.

அந்த 8 ஜிபி ரேமைப் பற்றி: போர்டு டிடிஆர்3 வகையாகவே இருந்தாலும் ஒரே ஸ்லாட்டில் 8 ஜிபி ரேமை ஜி41 ஏற்காது. இரண்டு ஸ்லாட்டுகளிலும் சேர்த்துத்தான் அதன் உச்சவரம்பு 8 ஜிபி. அதிலும் 4 ஜிபி ரேம் என்றால், இருபுறமும் எட்டெட்டாக மொத்தம் 16 சில்லுகள் கொண்டதாக இருக்க வேண்டும். பிற்காலத்தில் வந்த, ஒரு புறம் மட்டும் எட்டுச் சில்லுகள் கொண்ட 4 ஜிபி ரேமில் ஒவ்வொரு சில்லும் 4 ஜிகாபிட் கொள்ளளவு உடையது. ஜி41 அதை அறியாது, திரையில் எதுவும் வராது. பலர் ரேம் பழுது என்று தவறாக நினைத்துத் திருப்பிக் கொடுப்பது இத்தகைய ரேமைத்தான்.

முதலில் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பதிவிறக்குங்கள். 32-பிட் விண்டோஸ் 7-இலும் அது இயங்கும். அதில் மதர்போர்டின் பெயரும், ஒவ்வொரு ஸ்லாட்டிலும் என்ன ரேம் இருக்கிறது என்பதும் தெரியும். அதன்பிறகு கேபினெட்டையும் ஒருமுறை திறந்து, ரேமின் மேல் ஒட்டியுள்ள தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எழுத்துப் பிசகாமல் இங்கே எழுதுங்கள். திறக்கும் முன் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டியில் தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். உள்ளே கை வைக்கும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் நிலைமின்சாரம் குறைவுதான் என்றாலும், ரேம் சில்லுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவு பாய்ச்சலே போதும்.


கொருக்குப்பேட்டை வாசி

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே செய்தேன். போர்டின் பெயர் இன்டெல் டிஜி41ஆர்க்யூ என்று சிபியு-இசட் காட்டுகிறது. உள்ளே இரண்டு ஸ்லாட்டுகள், ஒன்று காலி. காலியாக உள்ள ஸ்லாட்டின் பள்ளத்தில் சாம்பல் நிறத் தூசி நூலாகப் படிந்திருந்தது. மற்றொன்றில் உள்ள ரேமின் தாளில் "1ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி2-5300யு" என்று இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பி தருவதாகச் சொன்ன ரேமையும் வாங்கிப் பார்த்தேன். அதில் "பிசி3" என்று தொடங்குகிறது; வெட்டும் எங்கள் ரேமின் வெட்டுக்கு நேராக வரவில்லை.

இணையத்தில் தேடியபோது, டிடிஆர்2 வகையில் 2 ஜிபி ரேமின் விலைக்குச் சற்றே கூடுதலாக 4 ஜிபி ரேம் கிடைப்பதாகக் காட்டுகிறது. இரண்டு வாங்கினால் 8 ஜிபி ஆகிவிடுமே என்று தோன்றுகிறது. வாங்கலாமா?


பெரம்பூர் வன்பொருள் பணியாளர்

வேண்டாம் ஐயா. அந்த விளம்பரத்தின் கீழே, சிறிய எழுத்தில், "ஏஎம்டி போர்டுகளுக்கு மட்டும்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். மலிவாக விற்கப்படும் டிடிஆர்2 4 ஜிபி ரேம்களில் பெரும்பாலானவை இந்த வகைதான், அந்த வரியைச் சேர்க்காமலும் சிலர் விற்கிறார்கள்.

உங்கள் பழைய ரேமின் தாளே இதற்கு விளக்கம் தரும். "2ஆர்" என்பது சில்லுகள் இரண்டு அணிகளாகப் பிரிந்து வேலை செய்கின்றன என்பதைக் குறிக்கும். "எக்ஸ்8" என்பது ஒவ்வொரு சில்லும் ஒரே நேரத்தில் எட்டு பிட்டுகளைக் கொடுக்கும் என்பதைக் குறிக்கும். ப்ராசஸருக்கு ஒரே வீச்சில் 64 பிட்டுகள் போக வேண்டும் என்பதால், எட்டுச் சில்லுகள் சேர்ந்து ஓர் அணி ஆகின்றன. "பிசி2" என்றால் டிடிஆர்2. "5300" என்பது 667 வேகம். "6400" என்று இருந்தால் 800 வேகம். கடைசியில் உள்ள "யு", இது சாதாரண மேசைக்கணினிக்கான ரேம் என்பதற்கு அடையாளம். அந்த இடத்தில் "பி", "ஆர்", "எஃப்" ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அது சர்வர்களிலிருந்து கழற்றியது. உங்கள் போர்டில் ஓடாது.

நீங்கள் பார்த்த மலிவான 4 ஜிபி ரேமில் எக்ஸ்4 சில்லுகள் இருக்கும். நான்கு நான்கு பிட்டுகளாகக் கொடுக்கும் அந்தச் சில்லுகளின் முகவரி அமைப்பை அன்றைய ஏஎம்டி ப்ராசஸர்கள் ஏற்றுக்கொண்டன. இன்டெலின் மேசைக்கணினி சிப்செட்டுகள் ஏற்கவில்லை. எக்ஸ்8 சில்லுகள் கொண்ட உண்மையான 4 ஜிபி டிடிஆர்2 ரேம் இருக்கத்தான் செய்கிறது, உங்கள் போர்டும் அதை ஏற்கும். ஆனால் அது அரிது, கிடைத்தாலும் அதன் விலை இந்தக் கணினியின் மதிப்பையே மிஞ்சும்.

ஆகவே என் யோசனை இதுதான்: "2ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி2-6400யு" என்று எழுதியுள்ள ரேம் இரண்டை, முடிந்தால் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலாக வாங்கி, இரண்டு ஸ்லாட்டுகளிலும் போடுங்கள். மொத்தம் 4 ஜிபி கிடைக்கும். இரண்டும் ஒரே அளவாக இருப்பதால் இரட்டைத் தடத்தில், அதாவது இரண்டிலும் ஒரே நேரத்தில் தகவல் போய்வரும்படி, வேலை செய்யும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ரேமிலிருந்தே திரைக்கும் இடம் எடுத்துக்கொள்ளும் உங்கள் கணினியில் அது பயன் தரும். இப்போதைக்கு ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், பழைய 1 ஜிபியோடு சேர்த்து 3 ஜிபியாக ஓட்டலாம். இரண்டும் 667 வேகத்துக்கு இறங்கிவிடும், அந்த வேறுபாடு அன்றாட வேலையில் தெரியாது.

சென்னையின் கணினிப் பொருள் சந்தையான ரிச்சி தெருவுக்கு நேரில் போய் வாங்குவது நல்லது. உங்கள் பகுதியிலிருந்து தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தொலைவுதான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பழைய ரேமைக் கையோடு எடுத்துச் சென்று, தாளில் உள்ள எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். மேசைக்கணினிக்கான டிடிஆர்2 ரேமை இப்போது புதிதாகத் தயாரிப்பது அரிது என்பதால் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் பயன்படுத்திய பொருளாகவே இருக்கும்; புதியது என்று யாராவது சொன்னால் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். வேலை செய்யவில்லையென்றால் மாற்றித் தருவதாக ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.


பதில்: வியாசர்பாடி மாணவர்

நான் சற்று மாறுபட்ட கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். இந்தக் கணினிக்குப் பணம் செலவழிப்பதே சரியா என்று ஐயா ஒருமுறை யோசிக்க வேண்டும். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டன. குரோம் உலாவியும் 2023-க்குப் பிறகு அதற்கு வருவதில்லை. விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளுக்குத் தேவையான சில கட்டளைகள் இ5400 ப்ராசஸரிலேயே கிடையாது என்பதால், எந்தக் குறுக்குவழியில் நிறுவினாலும் அவை தொடங்காது. அலுவலகங்கள் கழித்துக்கட்டிய, நான்காம் தலைமுறை ஐ3 அல்லது ஐ5 ப்ராசஸர் கொண்ட கணினிகள் புதுப்பித்து விற்கப்படுகின்றன. அவற்றில் டிடிஆர்3 ரேமை எளிதில் கூட்டலாம். பக்கத்து வீட்டாரின் ரேமும் அதில் பயன்படக்கூடும். சிறிது சிறிதாக இதில் போடும் பணத்தைச் சேர்த்து வைத்தால் அதற்குப் பாதி வழி வந்துவிடும்.


பதில்: ராயபுரம் ஆசிரியை

மாணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பணம் ஒரே நேரத்தில் கையில் இருந்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பருவத் தேர்வுக்கு முன் கணினி தேவை. இருப்பதை வைத்து அவளுக்கு வேலை நடக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. எங்கள் பள்ளிக் கணினி அறையில் இதே தலைமுறைக் கணினிகளை இன்றும் நடத்திக்கொண்டிருக்கிறோம் என்பதால் சிலவற்றைச் சேர்த்துச் சொல்கிறேன்.

ஐயா, முன்பக்க விளக்கு அணையாமல் எரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். ரேம் நிரம்பிவிட்டால், இடம் போதாத தகவலை விண்டோஸ் ஹார்டு டிஸ்க்கில் எழுதி வைத்து, தேவைப்படும்போது மறுபடி எடுத்து வருகிறது. அந்த ஓயாத போக்குவரத்தைத்தான் விளக்கு காட்டுகிறது. ரேமைக் கூட்டினால் இது பெருமளவு நிற்கும். ஆனால் கணினி தொடங்குவதற்கும் மென்பொருள்கள் திறப்பதற்கும் ஆகும் நேரம் ரேமால் பெரிதாகக் குறையாது. சுழலும் தட்டில் எழுத்தூசி இடம் தேடி நகர வேண்டிய ஹார்டு டிஸ்க்தான் அங்கே தடை. எனவே 4 ஜிபியோடு ரேமை நிறுத்திக்கொண்டு, மீதிப் பணத்தில் சிறிய எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாமல் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் வட்டு) ஒன்றை வாங்குங்கள். 120 அல்லது 128 ஜிபி போதும். 2.5 அங்குல சாட்டா வகையாகக் கேட்டு வாங்க வேண்டும். குச்சி போல வரும் எம்.2 வகையைப் பொருத்த இந்தப் போர்டில் இடமே கிடையாது. உங்கள் போர்டின் சாட்டா இணைப்பு பழைய 3 ஜிகாபிட் வேகம் கொண்டது. எஸ்எஸ்டியின் உறையில் போட்டிருக்கும் வேகத்தில் பாதியளவே கிடைக்கும். அதுவே பழைய ஹார்டு டிஸ்க்கோடு ஒப்பிட்டால் மிக அதிகம்.

அடுத்து, 32-பிட் விண்டோஸ். 4 ஜிபி போட்டாலும் அது ஏறக்குறைய 3 முதல் 3.5 ஜிபி வரைதான் பயன்படுத்தும். மீதி, கிராபிக்ஸுக்கும் பிற சாதனங்களின் முகவரிகளுக்கும் போய்விடும். ரேம் பழுதோ என்று அஞ்ச வேண்டாம். இ5400 ஒரு 64-பிட் ப்ராசஸர்தான் என்பதால், 64-பிட் இயங்குதளத்தில் முழுவதையும் பயன்படுத்தலாம்.

இயங்குதளம் பற்றி எங்கள் பள்ளியில் செய்துள்ள ஏற்பாட்டைச் சொல்கிறேன். பழைய ஹார்டு டிஸ்க்கையும் அதிலுள்ள விண்டோஸையும் தொடவே இல்லை. டேலி விண்டோஸில்தான் ஓடும் என்பதால் அது அங்கேயே இருக்கட்டும். இணைய இணைப்பு மட்டும் அதற்கு வேண்டாம். உரிமம் இல்லாமல் பயிற்சிக்கு ஓட்டும் கல்விப் பயன்முறையில் டேலி 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே கணக்குப் பதிய விடும் என்பதை மகளிடம் சொல்லிவையுங்கள். கணினியில் ஏதோ கோளாறு என்று மாணவர்கள் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். புதிய எஸ்எஸ்டியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவி, இணையம், விரிவுரை, தட்டச்சு ஆகியவற்றுக்கு அதைப் பயன்படுத்தலாம். குறைந்தது 2 ஜிபி ரேம், வசதியாக ஓட 4 ஜிபி என்று அவர்களே வரையறுத்திருக்கிறார்கள். தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கிறது. அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது என்பதால் நம் பிள்ளைகளுக்கு இது முற்றிலும் புதிதல்ல. லினக்ஸை நிறுவும்போது பழைய ஹார்டு டிஸ்க்கின் கம்பியைக் கழற்றி வைத்துவிடுங்கள். தவறுதலாகக்கூட அதிலுள்ளது அழியாது. கணினியைத் தொடங்கும்போது எஃப்10 விசையை அழுத்தினால் எந்த வட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும்.


கொருக்குப்பேட்டை வாசி

எல்லோருக்கும் நன்றி. மாணவர் தம்பி சொன்னதையும் மனதில் வைத்திருக்கிறேன்; அடுத்த ஆண்டு அதைப் பார்க்கலாம். இப்போதைக்கு 2 ஜிபி ரேம் இரண்டும், 128 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும் ரிச்சி தெருவில் வாங்கிவந்தோம். தாளில் உள்ள எழுத்துகளை மகளே ஒப்பிட்டுப் பார்த்தாள். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த ரேம்களில் ஒன்றின் தாளில் "எக்ஸ்4" என்று இருந்ததை அவள்தான் காட்டினாள். அவரும் மறுப்புச் சொல்லாமல் மாற்றிக் கொடுத்தார்.

இப்போது ஓர் ஐயம். இரண்டு ரேம்களையும் போட்டுத் தொடங்கினால் திரையில் ஒன்றும் வராமல் பீப் ஒலி மட்டும் விட்டுவிட்டுக் கேட்கிறது. பழைய 1 ஜிபி ரேமை அது முன்பிருந்த ஸ்லாட்டில் போட்டால் ஓடுகிறது. வாங்கியது பழுதா?


பெரம்பூர் வன்பொருள் பணியாளர்

அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் ஐயா. பீப் ஒலி வருகிறது என்றால் போர்டு உயிரோடு இருந்து ரேமைத் தேடுகிறது என்று பொருள். காலி ஸ்லாட்டில் தூசி நூலாகப் படிந்திருந்ததை நீங்களே எழுதியிருந்தீர்கள். கடலோர உப்புக் காற்றும் மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தூசியும் சேரும் நம் பகுதியில், பல ஆண்டுகள் திறந்து கிடந்த ஸ்லாட் முதல் முயற்சியிலேயே தொடர்பு கொடுக்காமல் போவது நான் வாரந்தோறும் பார்க்கும் காட்சி.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, புதிய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஸ்லாட்டின் பள்ளத்தை நீளவாக்கில் மெதுவாகத் துடைத்து எடுங்கள். வாயால் ஊதாதீர்கள்; எச்சில் ஈரம் உள்ளே போகும். ரேமின் தங்க நிறப் பற்களின் மேல் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரை, மேலிருந்து கீழாக, ஒரே திசையில், இரண்டு பக்கமும் தேயுங்கள். மங்கலாக இருந்த பற்கள் பளிச்சென்று தெரியும். ரப்பர்த் துகள் ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது. உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். பிறகு ஸ்லாட்டின் இரண்டு முனைகளிலும் உள்ள வெள்ளைக் கொக்கிகளை வெளிப்பக்கம் விரித்து, வெட்டு நேராக வருகிறதா என்று பார்த்து, ரேமின் இரு முனைகளிலும் கட்டைவிரல்களை வைத்துச் சமமாக அழுத்துங்கள். இரண்டு கொக்கிகளும் தாமாகவே எழுந்து ரேமின் பக்கவாட்டு வெட்டில் "க்ளிக்" என்று விழ வேண்டும். ஒரு கொக்கி மட்டும் விழுந்திருந்தால் மறுமுனை இன்னும் முழுதாக உள்ளே போகவில்லை.

முதலில் ஒரே ஒரு புதிய ரேமை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஸ்லாட்டில் போட்டுத் தொடங்குங்கள். ஓடினால் அதை எடுத்துவிட்டு இரண்டாவதை அதே ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். இரண்டும் தனித்தனியாக ஓடினால் ரேம்கள் நல்லவை. குறை இரண்டாவது ஸ்லாட்டில்தான், அதை மீண்டும் சுத்தம் செய்ய வேண்டும். ஒன்று மட்டும் எந்த நிலையிலும் ஓடவில்லையென்றால் அதைத்தான் கடையில் மாற்ற வேண்டும்.


கொருக்குப்பேட்டை வாசி

ஐயா, நீங்கள் சொன்னபடி ரப்பரால் தேய்த்தபோது வெள்ளை ரப்பரில் கரும்பச்சை நிறம் ஏறியது. இரண்டு ரேம்களும் தனித்தனியாக ஓடின. ஸ்லாட்டை மறுபடி சுத்தம் செய்து இரண்டையும் சேர்த்துப் போட்டதும் பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரையில்) 4096 எம்பி என்று காட்டிவிட்டது. லினக்ஸ் மின்ட்டையும் எஸ்எஸ்டியில் நிறுவிவிட்டோம். விரிவுரை ஓடிக்கொண்டிருக்கும்போதே மகள் குறிப்பெழுத முடிகிறது. ஆனால் ஒவ்வொரு முறை கணினியைத் தொடங்கும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடுகிறது. சில இணையதளங்கள் பாதுகாப்பற்றவை என்று சொல்லித் திறக்க மறுக்கின்றன. இது ரேம் மாற்றியதால் வந்ததா?


ராயபுரம் ஆசிரியை

இல்லை ஐயா. மதர்போர்டில் பொத்தான் போல உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. மின்கம்பியைப் பிடுங்கி வைத்ததும் கடிகாரம் பழைய நாளுக்குத் திரும்புகிறது. தேதி தவறாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களை உலாவி ஏற்காது. கைக்கடிகாரக் கடையிலேயே இந்த பேட்டரி கிடைக்கும். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி போட்டு, பயாஸில் ஒருமுறை தேதியைச் சரிசெய்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றியபின் பயாஸில் வேறு அமைப்புகளும் மாறியிருக்கக்கூடும். எஸ்எஸ்டி முதலில் தொடங்கும்படி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.


பெரம்பூர் வன்பொருள் பணியாளர்

அதோடு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, ஓர் இரவு முழுவதும் ஓட விடுங்கள். ரேமின் ஒவ்வோர் இடத்திலும் எழுதிப் படித்துப் பார்த்து, தவறு இருந்தால் சிவப்பு வரியாகக் காட்டும். பயன்படுத்திய ரேமில் ஒரே ஒரு மூலை பழுதாக இருந்தால் தொடங்கும்போது தெரியாது. மகள் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு திடீரென்று கெட்டுப்போகும்போதுதான் தெரியும். ஒரு சிவப்பு வரி வந்தாலும், கடைக்காரர் ரசீதில் எழுதிக் கொடுத்த கெடுவுக்குள் மாற்றிவிடுங்கள்.